எட்டாவது தடையின் எடை

நினைவு மலருக்கு இரண்டு பக்கம் போதும் என்று சொல்லியிருந்தீர்கள், சார். படிப்பு, பதக்கங்கள், ஓடிய நேரங்கள், கூடவே முகம் தெளிவாகத் தெரிகிற ஒரு படம். படம் தேடுவதிலேயே இரண்டு நாள் போய்விட்டது. ஓடுகிற படங்களில் வாய் கோணியிருக்கிறது, இல்லையென்றால் முட்டி முகத்தை மறைக்கிறது. தடை ஓட்டக்காரர்களுக்கு நல்ல படம் அமைவதில்லை. கடைசியில் அவளுடைய அலுவலக அடையாள அட்டையில் இருந்த படத்தையே எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீங்கள் மாதிரிக்கு அனுப்பிய தாளில் 'எதிர்பாராத விபத்தைத் தொடர்ந்து' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியில் திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. அதனால் நீண்டுவிட்டது. உங்கள் சங்கத்தின் செயலாளராக உங்களுக்கு எது தேவையோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய அம்மா தையல் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் வைக்கிறவர். அப்பா, அவளுக்கு ஆறு வயதில் போய்விட்டார். இறந்துவிட்டார் என்று பொருள் இல்லை. போய்விட்டார். அதன் பிறகு அம்மாவும் மகளும் மட்டும்.

எட்டாம் வகுப்புத் தேர்வு சமயத்தில் பள்ளி நடைவழியில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். இவள் அவற்றின் மேல் ஏறி ஓடினாள் என்று உடற்பயிற்சி டீச்சர் பிடித்துவிட்டார். இவள் மறுத்தாள்.

"மேல ஏறல டீச்சர். தாண்டித்தான் ஓடினேன்."

"ஓ, அம்மா பறந்தீங்களோ. இன்னும் இருபது தடவை பறங்க, பாப்போம்."

தண்டனையாகத்தான் தொடங்கியது. பதினாலாவது தடவை டீச்சர் கையில் நிறுத்துக் கடிகாரம் இருந்தது. இருபது முடிந்ததும் இவள் முட்டியைத் தடவிக்கொண்டு, "இன்னும் இருக்கா டீச்சர்?" என்று கேட்டாளாம். அன்றைக்கு டீச்சர் வைத்த பெயர் வெட்டுக்கிளி. கடைசி வரை மைதானத்தில் அவளுக்கு அதுதான் பெயர். கடைசி வரை அவளுக்குப் பயிற்சி கொடுத்ததும் அந்த டீச்சர்தான்.

மலரைப் படிக்கிற எல்லோருக்கும் இந்த ஓட்டம் தெரிந்திருக்காது. பெண்களுக்கு நூறு மீட்டர். பத்துத் தடைகள். ஒவ்வொன்றும் எண்பத்து நாலு சென்டிமீட்டர் உயரம். பதின்மூன்று மீட்டரில் முதல் தடை, பிறகு எட்டரை மீட்டருக்கு ஒன்று. நடுவில் மூன்று அடிதான் வைக்கலாம். நாலாவது அடி வைத்தால் கால் மாறிவிடும், அத்தோடு ஓட்டம் முடிந்தது. தாண்டுவது ஒரு பொருட்டே இல்லை என்று டீச்சர் கத்துவார். "தாண்டாதடி வெட்டுக்கிளி, ஓடு. நடுவுல ஒண்ணு நிக்குதுன்னு உனக்கு ஞாபகமே இருக்கக் கூடாது."

பள்ளியில் பதினைந்து விநாடி தொண்ணூறு. கல்லூரி இரண்டாம் ஆண்டில் பதினாலு இருபது. விளையாட்டு ஒதுக்கீட்டில் எழுத்தர் வேலை கிடைத்தது; மதியம் ஒரு மணி வரை அலுவலகம், மூன்றரைக்கு மைதானம். தொடைத்தசை கிழிந்து ஒரு வருடம் முழுக்கப் போனது. அந்த வருடம் டீச்சர் அவளை ஓடவிடவில்லை, ஆனால் வீட்டில் இருக்கவும் விடவில்லை. வெயிலில் உட்காரவைத்து மற்றவர்கள் ஓடுவதை எண்ணச் சொன்னார். மறு வருடம் பதின்மூன்று எழுபத்தொன்று. போன வருடம் பதின்மூன்று நாற்பத்து நாலு. இதுதான் அவளுடைய மிகச் சிறந்த நேரம். மாதிரித் தாளில் நாற்பத்தேழு என்று இருந்தது. அது காற்றின் வேகத்தை அளக்கும் கருவி பழுதான நாளில் எடுத்தது, கணக்கில் வராது. திருத்திக்கொள்ளுங்கள்.

நான் மைதானத்தின் உபகரணக் கிடங்குப் பொறுப்பாளன். உங்களுக்குத் தெரியும். இயற்பியல் படித்தேன், முதல் வகுப்பு. வேறு வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்த நேரத்தில் இது கிடைத்தது. பிடித்துப்போனது. ஈட்டி, குண்டு, வட்டு, தடை, அளவுநாடா எல்லாவற்றுக்கும் ஒரு அளவு இருக்கிறது. அந்த அளவில் இருந்தால் சரி, இல்லையென்றால் தப்பு. மனிதர்களோடு அவ்வளவு சுலபம் இல்லை.

ஒரு நாள் அவள் கிடங்கு வாசலில் வந்து நின்றாள். "ஸ்டோர் சார், நாலாவது ஹர்டில் கோணலா நிக்குது. வந்து பாருங்க. இல்ல, என் கண்ணுதான் கோணலா?"

நீர்மட்டம் எடுத்துப் போய் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் நாலு மில்லிமீட்டர் இறக்கம். திருகைத் தளர்த்திச் சரி செய்தேன். அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நாலு மில்லிக்கா இவ்வளவு நேரம்?"

"நாலு மில்லி இருந்துச்சு."

"ஊர்ல யாருமே நான் சொன்னத அளந்து பாத்ததில்ல, ஸ்டோர் சார்" என்றாள். சிரித்தாள். பதினோரு மாதத்தில் கல்யாணம். கல்யாணத்துக்குப் பிறகும் ஸ்டோர் சார் என்றுதான் கூப்பிட்டாள். கோபம் வந்தால் மட்டும் "என்னங்க".

மைதானத்துக்குப் பின்தெருவில் மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை, நாற்பத்தாறு படி. இரண்டு அறை. படுக்கை அறை ஜன்னலில் பேருந்துப் பணிமனையின் சுவர் தெரியும். பகல் முழுக்க என்ஜின் சத்தம். தூக்கத்தில் அவள் கால் ஓடிக்கொண்டே இருக்கும். இடது முழங்கால் மடங்கி, விரிந்து, என் விலாவில் உதைக்கும். நான் எழுந்து உட்கார்ந்து அந்தக் காலைப் பார்ப்பேன். இவள் ஓயவே மாட்டாளா என்று தோன்றும். அவளுக்கு ஓய்வு தேவைப்படுகிறது என்பதை அவளைவிட நான் முதலில் தெரிந்துகொண்டேன். டீச்சருக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியவில்லை. நேரம் குறையக் குறைய எல்லோரும் கை தட்டினீர்கள்.

சென்ற தேர்வுப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள். முதல் இரண்டு இடத்தில் வந்தால் வெளிநாட்டில் பயிற்சி முகாம். பதினெட்டு மாதம். அங்கிருந்தே நேராகப் பெரிய போட்டிக்கு.

"பதினெட்டு மாசம்தான், ஸ்டோர் சார். கண்ண மூடித் தொறந்தா ஓடிரும்."

அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

"உங்களுக்கு என்ன, நிம்மதியாத் தூங்கலாம். விலாவுல உதைக்க ஆள் இருக்காது" என்றாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு, "இன்னொண்ணும் இருக்கு. உறுதியாகட்டும், சொல்றேன். இப்பவே சொன்னா நீங்க அதுக்கும் அளவு நாடா எடுத்துட்டு வந்துருவீங்க" என்றாள்.

வருத்தமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கோபமும் இல்லை. ஒரு கணக்கு போட்டேன், அவ்வளவுதான். அவளுக்கு வயது இருபத்தாறு. இந்த முகாம் தவறினால் அடுத்தது நாலு வருடம் கழித்து. அப்போது முப்பது. முப்பதில் யாரும் எடுக்க மாட்டார்கள். ஆக, ஒரே ஒரு மாலை மட்டும் அவள் ஓடாமல் இருந்தால் போதும். மீதி தானாக நடக்கும்.

தடை எப்படி விழும் என்பதை இங்கே எழுத வேண்டியிருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் அது ஆங்கில எல் எழுத்து போல இருக்கும். அடிக்கால்கள் இரண்டும் ஓடி வருகிறவர் பக்கம் நீண்டிருக்கும். கால் பட்டால் முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். சாய வேண்டும், அப்போதுதான் ஆளுக்கு அடிபடாது. அடிக்கால் குழாய்க்குள் நகரும் எடைக்கட்டிகள் இருக்கின்றன. பெண்களின் உயரத்துக்கு ஒரு துளை, ஆண்களின் உயரத்துக்கு இன்னொரு துளை. உயரத்தை மாற்றும்போது எடையையும் மாற்ற வேண்டும். மேல்சட்டத்தின் நடுவில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தால் மூன்று கிலோ அறுநூறுக்கும் நாலு கிலோவுக்கும் இடையில் விழ வேண்டும். போட்டி நாளில் நடுவர்கள் ஒவ்வொரு ஓடுபாதையிலும் முதல் தடையையும் ஐந்தாவது தடையையும் மட்டும் இழுத்துப் பார்ப்பார்கள். எட்டுப் பாதையின் எண்பது தடையையும் இழுக்க நேரம் இருக்காது. இருபது வருடமாக அப்படித்தான் நடக்கிறது. யாரும் கேட்டதில்லை.

அவள் எட்டாவது தடையைத் தொடுவாள். எப்போதும். ஏழு வரை சுத்தமாகப் போவாள். எட்டில் களைப்பு இடுப்பில் ஏறும், பின்னால் வருகிற இடது முழங்கால் இரண்டு விரற்கடை தாழும். சட்டத்தை உரசும், சில நாள் தட்டும். தடை சாயும், அவள் போய்க்கொண்டே இருப்பாள். டீச்சர் முன்னாலிருந்து பார்ப்பார். முன்னாலிருந்து பார்த்தால் இது தெரியாது. நான் பக்கவாட்டில், கிடங்கு வாசலில் நிற்பேன். மூன்று வருடத்தில் நான் இதை அவளிடம் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை, சொல்லவில்லை.

ஓடுபாதை ஒதுக்கீட்டுத் தாள் முதல் நாளே கிடங்குக்கு வந்துவிடும். அவளுக்கு நான்காவது. தேர்வு நாள் மதியம் ஆண்கள் ஓட்டம் முடிந்ததும் தடைகளை இறக்கி வைக்கத் தொடங்கினேன். நான்காம் பாதையின் எட்டாவது தடையில் உயரத்தை மட்டும் இறக்கினேன். எடைகளை ஆண்களின் துளையிலேயே விட்டேன். உடைந்துபோன பழைய தடை ஒன்றிலிருந்து இரண்டு எடைக்கட்டி எடுத்து வைத்திருந்தேன், அவற்றையும் குழாய்க்குள் தள்ளித் திருகினேன். முந்தின நாள் கிடங்கில் இழுத்துப் பார்த்திருந்தேன். ஒன்பது கிலோ இருநூறு. கணுக்கால் பிசகும், மிஞ்சிப்போனால் ஆறு வாரம் என்று கணக்கிட்டேன். அதற்கு மேல் எனக்கு எந்த நோக்கமும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்துக்கு முன் அவள் கிடங்கு வாசலுக்கு வந்து, "ஸ்டோர் சார், எல்லாம் நேரா நிக்குதா?" என்று கேட்டாள்.

"நீர்மட்டம் வெச்சுப் பாத்துட்டேன்" என்றேன். அது உண்மைதான். ஒரு மில்லிமீட்டர்கூடச் சாய்வு இல்லை.

ஏழாவது தடையில் முதலில் இருந்தாள். எட்டில் சட்டம் சாயவில்லை. அவள் முழங்கால் அதன்மேல் மோதி, உடல் முன்னால் சுற்றி, கால் அடியில் சிக்கியபடி விழுந்தாள். சத்தம் சின்னதுதான். நாற்காலி நகர்த்துகிற மாதிரி. ஐந்தாம் பாதைக்காரி பதின்மூன்று ஐம்பத்திரண்டில் முதலில் வந்தாள்.

டீச்சர் தொடக்கக் கோட்டிலிருந்து எழுபது மீட்டரை ஓடியே வந்தார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. நீங்களும் வந்தீர்கள். எல்லோரும் அவளைச் சுற்றி நின்றபோது நான் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து தடைகளை ஏற்றினேன். ஓட்டம் முடிந்ததும் தடைகளை எடுப்பது என் வேலை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எடைகள் அவற்றின் துளைக்குத் திரும்பிவிட்டன. அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏறினேன். வழியில் அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "எட்டு விழலங்க" என்றாள். நான் "பேசாத" என்றேன்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு, முட்டியின் உள்ளே தசைநார் கிழிசல். தொடை முதல் பாதம் வரை கட்டு. பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். அடிபட்ட காலை ஊன்றக் கூடாது, ஆனால் ஊன்றுகோல் வைத்து நாளைக்கு ஐந்தாறு தடவை நடக்க வேண்டும். படுத்தே இருக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்கப் பதினான்கு நாள் மாத்திரை. அது தீரும்போது மறுபடி காட்ட வேண்டும். கால்விரல் வீங்கினால், உள்ளே இறுகுவது போல வலித்தால், மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே கொண்டுவர வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் அச்சடித்தும் கொடுத்தார். நான் இரண்டு முறை படித்தேன். எனக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியாது.

"ஆறு மாசத்துல மெதுவா ஓட ஆரம்பிக்கலாம். இந்த வயசுல எலும்பு நல்லாக் கூடும்" என்றார் டாக்டர்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

அத்தை ஒரு வாரம் வந்து இருந்தார். நாற்பத்தாறு படியும் மகளை நான் கைகளில் தூக்கி ஏற்றியதைப் பார்த்து அழுதார். குளியலறைக்குத் தூக்கிப் போனேன், தலை துவட்டினேன், ஊட்டினேன். "என் புருஷன் எனக்கு ஒரு வாய்த் தண்ணி மோந்து குடுத்ததில்ல மாப்பிள்ளை. நீங்க இருக்கையில எனக்கு என்ன கவலை" என்றார். கம்பெனியில் லீவு இல்லை. நானே போகச் சொன்னேன்.

அத்தை போன அன்று ஊன்றுகோல்களைக் கிடங்குக்குக் கொண்டுபோனேன். கோலூன்றித் தாண்டுகிறவர்களின் கம்புகளோடு வைத்தேன். "உயரம் சரியில்ல. மாத்திக் குடுப்பாங்க" என்று அவளிடம் சொன்னேன். விழுந்ததில் அவள் கைபேசியின் கண்ணாடி உடைந்திருந்தது. பழுதுபார்க்கக் கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். மாத்திரைகளைத் தவறாமல் கொடுத்தேன். தீர்ந்தன. மறுபடி காட்டப் போகவில்லை. அது பெரிய ஆஸ்பத்திரி. வராதவரை யாரும் தேடுவதில்லை.

தண்ணீர், புத்தகம், சீப்பு, பழம், துண்டு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பேன். அவள் எதற்கும் அசைய வேண்டியதில்லை. வேலைக்குப் போகும்போது பாதுகாப்புக்காக வெளியே பூட்டுவேன். தனிமை தெரியாமல் இருக்க டிவியைச் சத்தமாகப் போட்டுவிட்டுப் போவேன். பதினொன்றுக்கும் இரண்டுக்கும் வந்து பார்ப்பேன். ஒரு நாளைக்கு இருபது தடவை "ஸ்டோர் சார், இங்க வாங்களேன்" என்று கூப்பிடுவாள். தலையணை நகர்ந்துவிட்டது, முதுகு அரிக்கிறது, ஜன்னலைத் திற, ஜன்னலை மூடு. மூன்று வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னை அவ்வளவு தடவை கூப்பிட்டதில்லை. இரவில் கால் உதைக்கவில்லை.

டீச்சர் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் நான் கதவருகே நின்று பேசினேன்.

"தூங்குறா டீச்சர்."

"சாயங்காலம் அஞ்சு மணிக்கா? அந்தக் கழுத மத்தியானத்துலயே தூங்காதே தம்பி."

"மருந்து அப்படி. யாரும் பாக்க வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். மைதானத்தப் பத்திப் பேசினா அழுவுறா."

டீச்சர் படியில் உட்கார்ந்தார். கொண்டுவந்த பையை என்னிடம் கொடுத்தார். கால்விரல்களால் இழுத்துப் பயிற்சி செய்கிற ரப்பர் நாடா. "தெனமும் அம்பது தடவை இழுக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு. எனக்காக வேணாம், என்னத் திட்டுறதுக்காகவாவது இழுக்கட்டும்" என்றார். நாடா நல்ல தரம். கிடங்கு இருப்பில் சேர்த்துவிட்டேன்.

நான்காவது வாரம் மைதான முகவரிக்கு அவள் பெயரில் ஒரு கடிதம் வந்தது. முகாமிலிருந்து. காயத்தைப் பற்றி அறிந்தார்களாம். அவளுடைய நேரங்களைப் பார்த்து அடுத்த பருவம் வரை அவளுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்களாம். இரண்டாவது பத்தியில், தேர்வுக்கு முன் அவள் எழுதிக் கேட்டிருந்தபடி, அவள் கணவருக்கு முகாமின் உபகரணக் கிடங்கில் வேலை தரச் சம்மதம் என்றிருந்தது. அவளுடைய கடிதத்திலிருந்து ஒரு வரியையும் எடுத்து எழுதியிருந்தார்கள்: 'அவர் அளந்து வைத்த தடை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவேன்.'

உறுதியாகட்டும், சொல்கிறேன் என்றாளே, அது இதுதான்.

நீங்கள் இந்த இடத்தில் நான் உடைந்துபோயிருப்பேன் என்று நினைக்கலாம். நானும் காத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடிதத்தைப் படித்துக்காட்டினால் அவள் அன்றே எழுந்து நிற்பாள் என்று மட்டும் தெரிந்தது. எழுந்து நின்றால் கூப்பிட மாட்டாள். ஈட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது வாரத்திலிருந்து அவள் பேச்சு குறைந்தது. ஊன்றுகோல் எங்கே என்று மூன்று நாள் தொடர்ந்து கேட்டாள், பிறகு கேட்கவில்லை. போன் எங்கே என்று கேட்டாள். அதையும் விட்டுவிட்டாள். என்னைக் கூப்பிடுவதும் குறைந்தது. ஒரு நாள் தலை துவட்டும்போது, "அன்னைக்கு எட்டு ஏங்க விழல?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நீ வேகமா மோதிட்ட."

"வேகமா மோதினா வேகமாத்தானே விழணும். நீங்கதானே பிசிக்ஸ் படிச்சவர்."

நான் துவட்டி முடித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து "ஸ்டோர் சார்" என்று அவள் கூப்பிடவில்லை.

அந்த வாரம்தான் கீழ்வீட்டு அக்கா படியில் என்னை நிறுத்தினார். "பகல்ல மேல தட்டுற சத்தம் கேக்குது தம்பி. ஏறி வந்து பாத்தேன், பூட்டியிருக்கு. டிவி சத்தத்துல ஒண்ணும் புரியல."

"அவதான் அக்கா. கையால தாளம் போட்டுப் பாப்பா. ஓட்டத்துக்குத் தாளம் முக்கியம்."

"பாவம், படுத்துக்கிட்டும் பயிற்சியா" என்றார். அதற்குப் பிறகு அவர் ஏறி வரவில்லை.

ஆறாவது வாரம் கட்டுக்குள்ளே இறுகுகிறது என்றாள். கட்டு காயும்போது அப்படித்தான் இருக்கும் என்றேன். "ஆறு வாரமாவா காயுது?" என்றாள். அதுதான் அவள் கடைசியாகச் சிரித்தது. கால்விரல்கள் தடித்து நீலமாக இருந்தன. டாக்டர் கொடுத்த தாளை எடுத்து மறுபடி படித்தேன். மூன்று அறிகுறிகளில் இரண்டு இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போனால் கட்டைப் பிரிப்பார்கள், ஏன் நடக்கவில்லை என்று கேட்பார்கள், அவள் பதில் சொல்வாள். இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். அந்த இரண்டு நாளும் காலுக்கு அடியில் தலையணை வைத்து, விரல்களைப் பிடித்துவிட்டேன். எவ்வளவு மென்மையாகப் பிடித்துவிட்டேன் என்று பார்த்தவர்கள் யாரும் இல்லை.

மூன்றாம் நாள் காலை பதினொன்றுக்கு வந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. "டீச்சரக் கூப்பிடுங்க" என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆம்புலன்ஸ் எண் எனக்கு மனப்பாடம். மைதானச் சுவரில் நான்தான் அதை எழுதியிருக்கிறேன். தூங்கிவிடுவாள், சரியாகிவிடும் என்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவளால் முடியவில்லை. பதினொன்று நாற்பதுக்குப் பிறகு கூப்பிட்டேன். அவர்கள் பன்னிரண்டுக்கு வந்தார்கள். நுரையீரலில் ரத்தக்கட்டி என்று சான்றிதழில் எழுதினார்கள். காலில் உறைந்து மேலே போனது. இப்படியும் ஆவதுண்டு என்று டாக்டர் என் தோளைத் தட்டினார்.

ஆக 'விபத்து' என்ற சொல் பொருந்தாது. தடையில் எடை வைத்தவன் நான். ஊன்றுகோலை எடுத்தவன் நான். நாற்பது நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். இதைப் போலீசில் கொடுப்பதானால் கொடுங்கள். கேட்டால் இதே வரிசையில் சொல்வேன்.

இன்னும் ஒன்று மட்டும். உடலைக் கழுவும்போது அவளுடைய இரண்டு முழங்கைகளிலும் தோல் உரிந்து காய்ப்புக் காய்த்திருப்பதை அத்தை பார்த்தார். "இது என்ன மாப்பிள்ளை?" என்றார். படுக்கையில் உரசியது என்றேன். அப்போது எனக்கே தெரியாது. பிறகு பார்த்தேன், வாசல் கதவின் உட்பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. கட்டிலிலிருந்து கதவு வரை சிமெண்ட் தரை. ஏழு மீட்டர் பத்து சென்டிமீட்டர், நடுவில் ஒரு நிலைப்படி. அந்தக் கட்டோடு அவ்வளவு தூரம் முழங்கையால் ஊர்ந்து வந்திருக்கிறாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. ஆனால் நான் பூட்டைத் திறக்கிற நேரத்துக்கெல்லாம் கட்டிலில் ஏறி, போர்வையை இழுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். இதை வைத்து நீங்கள் வேறு ஏதாவது நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எனக்கு அவளைத் தெரியும். கதவைத் திறந்ததும் என் முகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று தினமும் வாசல் வரை வந்திருக்கிறாள். என் காலடிச் சத்தம் கேட்டதும் வெட்கம் வந்து திரும்பிப் போயிருக்கிறாள்.